தென்கடற்கரையில் காட்டேஜ்: வீட்டைப் பார்க்கும் முன் ஏஜென்சியைப் பாருங்கள்

ஜோகன்னஸ்பர்க்கில் வேலை பார்க்கும் ஒருவர் கேட்டிருக்கிறார். டிசம்பர் கடைசியில் இரண்டு குடும்பங்கள், நான்கு பிள்ளைகள், கூடவே மதுரையிலிருந்து வரும் அப்பா அம்மா. டர்பனுக்குத் தெற்கே கடலோரத்தில், நாமே சமைத்துச் சாப்பிட வசதியாக ஒரு காட்டேஜ் வேண்டும். ஸ்காட்பர்க் பக்கம் ஒரு சின்ன ஏஜென்சி நல்ல வீடு ஒன்றைக் காட்டுகிறது. ஆனால் பாதிப் பணத்தை இப்போதே வங்கிக் கணக்கில் போடச் சொல்கிறது. அவர்களுடைய வலைத்தளம் பழையதாக இருக்கிறது. நம்பிப் போடலாமா, இல்லை பெரிய புக்கிங் தளத்திலேயே எடுத்துவிடலாமா?

சின்ன ஏஜென்சியிலேயே எடுங்கள். பணம் போடும் முன் சில விஷயங்களைச் சரிபார்த்துவிட்டு எடுங்கள். இந்தக் கரையில் ஒரு சிறிய வாடகை அலுவலகத்தின் கணக்கு வழக்கைப் பல வருடமாகப் பார்த்துவருகிறேன். முன்பணம் எந்தக் கணக்குக்கு வருகிறது, எப்போது வீட்டுக்காரருக்குப் போகிறது, டெபாசிட்டில் ஏன் பிடிக்கிறார்கள், எந்தக் குடும்பம் சந்தோஷமாகத் திரும்புகிறது, எது சண்டை போட்டுக்கொண்டு கிளம்புகிறது என்பதெல்லாம் என் மேசையைத் தாண்டித்தான் போகும். அந்த அனுபவத்தில் ஒன்றை உறுதியாகச் சொல்வேன்: முதலில் ஏஜென்சியைத் தேர்ந்தெடுங்கள், வீட்டை அப்புறம் பாருங்கள். எல்லோரும் படத்தில் கடல் தெரிகிறதா, நீச்சல் குளம் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். டிசம்பர் 26 காலையில் கெய்சர் கருகி வெந்நீர் வராமல் போனால் கடல் தெரியும் ஜன்னலால் ஒரு பிரயோஜனமும் இல்லை. அன்றைக்குப் போன் எடுக்கும் ஆள் யார், அவருக்குத் தெரிந்த பிளம்பர் பக்கத்து ஊரில் இருக்கிறாரா என்பதுதான் விஷயம்.

பெரிய தளங்களில் இந்த ஆள் இருக்க மாட்டார் என்று சொல்லவில்லை. அங்கே வீடு போட்டிருப்பவர் இந்த ஊரிலேயே இருந்தால் நல்லதுதான். ஆனால் பல வீடுகளின் சொந்தக்காரர் பிரிட்டோரியாவிலோ வெளிநாட்டிலோ இருப்பார், சாவி சுவரில் மாட்டிய எண் பூட்டுப் பெட்டியில் இருக்கும். ஏதாவது கெட்டுப்போனால் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டும். பெரிய தளத்துக்கு உள்ள நிஜமான பலம் பணப் பாதுகாப்பு. நீங்கள் கட்டிய பணம் தளத்தின் கையில் இருக்கிறது, வீடே இல்லாவிட்டால் திரும்பி வரும். அந்தப் பாதுகாப்பைச் சின்ன ஏஜென்சியிடமும் பெற முடியும். அதற்கு வழி சட்டத்திலேயே இருக்கிறது, கேட்கத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

தென்னாப்பிரிக்காவில் அடுத்தவர் வீட்டை வாடகைக்கு விட்டுத் தரகு வாங்குபவர் யாராக இருந்தாலும் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். 2022 பிப்ரவரி 1 முதல் நடைமுறைக்கு வந்த சொத்துத் தொழிலர் சட்டம் இதைக் கட்டாயமாக்குகிறது. சான்றிதழ் தருவது பி.பி.ஆர்.ஏ. என்கிற ஒழுங்குமுறை ஆணையம். முன்பு எஸ்டேட் ஏஜென்சி அஃபேர்ஸ் போர்டு என்று இருந்ததன் இடத்தில் வந்தது. இந்தச் சான்றிதழ் இல்லாதவருக்குத் தரகு கேட்கவே உரிமை கிடையாது. உங்களுக்கு இதில் என்ன லாபம் என்றால், உங்கள் முன்பணம் ஏஜென்சியின் சொந்தக் கணக்குக்குப் போகாமல், வாடிக்கையாளர் பணத்தைத் தனியாக வைக்கும் டிரஸ்ட் கணக்குக்குப் போக வேண்டும். அந்த டிரஸ்ட் பணத்தை யாராவது சுருட்டிவிட்டால் ஈடுகட்டத்தான் அந்த ஃபண்டே இருக்கிறது. ஆகவே ஏஜென்சிக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்: உங்கள் ஃபிடெலிட்டி ஃபண்ட் சான்றிதழின் பிரதி வேண்டும், நான் பணம் போடப்போவது டிரஸ்ட் கணக்கா என்று தெரிய வேண்டும். இதைக் கேட்டால் கோபித்துக்கொள்வார்களோ என்று நம்மவர்கள் தயங்குகிறார்கள். ஒழுங்கான அலுவலகம் கேட்ட அன்றே அனுப்பிவிடும். இழுத்தடித்தாலோ, பேச்சை மாற்றினாலோ, அந்த வீடு எவ்வளவு அழகாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். சான்றிதழ் வந்ததும் பெயரும் காலாவதித் தேதியும் பாருங்கள். ஆணையத்திடமே நேராகச் சரிபார்த்துக்கொள்ளவும் முடியும்.

இன்னொன்றையும் கேளுங்கள்: என் பணம் எப்போது வீட்டுக்காரருக்குப் போகிறது? நான் கணக்குப் பார்க்கும் இடத்தில் விருந்தினர் வீட்டுக்குள் கால் வைத்த பிறகுதான் போகும். எல்லா இடத்திலும் அப்படியில்லை. முன்கூட்டியே கொடுத்துவிட்டால், பிரச்சினை வரும்போது ஏஜென்சி உங்களுக்கும் வீட்டுக்காரருக்கும் நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்.

வலைத்தளம் பழையது என்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்தக் கரையில் நன்றாக நடக்கும் அலுவலகங்கள் பலவற்றின் தளம் அப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு ஆள் வருவது போன வருடம் வந்தவர்கள் மூலமாக. மோசடிக்காரர்களின் தளம்தான் பெரும்பாலும் பளபளவென்று இருக்கும். அவர்கள் செய்வது எளிது: வேறு யாரோ போட்ட வீட்டின் படங்களை எடுத்து, வாடகையைக் கொஞ்சம் குறைத்து, முகநூலில் போடுவார்கள். இன்றைக்கே கட்டினால்தான் வீடு கிடைக்கும், இன்னொரு குடும்பம் கேட்கிறது என்று அவசரப்படுத்துவார்கள். அலுவலகம் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. தரைவழித் தொலைபேசி எண் இருக்காது. சின்ன ஏஜென்சிக்கு ஊருக்குள் ஒரு கதவும் பலகையும் உண்டு. டர்பனில் தெரிந்தவர் இருந்தால், ஸ்காட்பர்க் அறுபது கிலோமீட்டர்தான், ஒரு சனிக்கிழமை போய்ப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஏஜென்சி நேர்மையாக இருந்தும் பணம் போய்விடுகிற ஒரு வழி இருக்கிறது. அதைக் கட்டாயம் தெரிந்துகொள்ளுங்கள். மின்னஞ்சலுக்குள் புகுந்து, வங்கி விவரம் உள்ள கடிதத்தை மட்டும் மாற்றி அனுப்பிவிடுகிறார்கள். 2019இல் வீடு வாங்கிய ஒரு பெண்மணி, விற்பனையைக் கவனித்த வழக்கறிஞர் நிறுவனத்தின் பெயரில் இப்படி வந்த கடிதத்தை நம்பி 55 லட்சம் ராண்ட் அனுப்பிவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த நிறுவனம்தான் ஈடு தர வேண்டும் என்றது. 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. கணக்கு எண்ணைச் சரிபார்க்க அவருக்கே வழி இருந்தது என்பது தீர்ப்பின் சாரம். உங்கள் தொகை சின்னதுதான், ஆனாலும் அதே தந்திரம்தான் நடக்கும். கணக்கு எண் மின்னஞ்சலில் வந்ததும், அந்த மின்னஞ்சலில் உள்ள தொலைபேசி எண்ணை விட்டுவிட்டு, வேறு இடத்தில் கிடைத்த அலுவலக எண்ணுக்குப் போன் செய்து, கணக்கு எண்ணை வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். கணக்கின் பெயரும் எண்ணும் பொருந்துகிறதா என்று பார்க்கும் வசதி பல வங்கிகளில் இருக்கிறது, அதையும் பயன்படுத்துங்கள். எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று நடுவில் ஒரு கடிதம் வந்தால் அதைப் பொய் என்றே வைத்துக்கொண்டு விசாரியுங்கள்.

சரி, பணம் போட்டாயிற்று. பிறகு பயணம் நின்றுபோனால்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17ஆவது பிரிவு இதற்காகவே இருக்கிறது. முன்பதிவை ரத்து செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் நியாயமான ஒரு தொகையைப் பிடித்துக்கொள்ளலாம். எது நியாயம் என்பது, எவ்வளவு நாள் முன்னால் சொன்னீர்கள், அந்த இடைவெளியில் வேறு ஆளைப் பிடிக்க அவர்களுக்கு வாய்ப்பு இருந்ததா என்பதையெல்லாம் பொறுத்தது. ஆகஸ்டில் ரத்து செய்தவரிடம் முழு முன்பணத்தையும் பிடித்துக்கொள்வது நியாயத்தில் சேராது. டிசம்பர் 18ஆம் தேதி ரத்து செய்தால் பெரும்பகுதி போய்விடும், அதில் குறை சொல்லவும் முடியாது. முக்கியமான விதிவிலக்கு ஒன்று: யாருக்காகப் பதிவு செய்தோமோ அவர் இறந்துபோனாலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலோ ரத்துக் கட்டணமே கேட்கக் கூடாது. வயதான பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறீர்கள் என்பதால் இதைச் சொல்கிறேன். பதிவு செய்யும்போதே தங்கப்போகும் எல்லோருடைய பெயரையும் படிவத்தில் எழுதுங்கள். உங்கள் பெயரை மட்டும் எழுதிவிட்டு, பிறகு அப்பா ஆஸ்பத்திரியில் என்றால் வீண் வாக்குவாதம் வரும். "எந்தச் சூழ்நிலையிலும் பணம் திரும்பக் கிடைக்காது" என்று படிவத்தில் எழுதியிருந்தாலும் சட்டத்துக்கு மேல் அது நிற்காது.

அதே சட்டத்தின் 47ஆவது பிரிவு இரட்டைப் பதிவைப் பற்றியது. ஒரே வீட்டை இரண்டு பேருக்குக் கொடுத்துவிட்டு வீடு இல்லை என்று கைவிரித்தால், கட்டிய பணத்தை வட்டியோடு திருப்பித் தருவதோடு, அதனால் உங்களுக்கு ஏற்பட்ட செலவையும் தர வேண்டும். நடைமுறையில், நல்ல ஏஜென்சி சட்டம் வரை போக விடாது. அதே தெருவில் இன்னொரு வீட்டைத் திறந்துவிடும். பத்துப் பதினைந்து வீடுகளின் சாவி ஒரே அலுவலகத்தில் தொங்குவதால் கிடைக்கும் பெரிய வசதி இது. ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள்: இந்தச் சட்டம் தொழிலாக வாடகைக்கு விடுபவர்களுக்குப் பொருந்தும். எப்போதோ ஒருமுறை தன் வீட்டைத் தெரிந்தவருக்கு விடும் ஆளிடம் இதைக் காட்டி வாதாடுவது கஷ்டம்.

அடுத்தது உடைவு டெபாசிட், அதாவது ஏதாவது உடைந்தாலோ கெட்டாலோ பிடித்துக்கொள்ள முன்னாலேயே வாங்கிவைக்கும் பணம். இதில்தான் நம் ஆட்கள் அதிகமாக மனம் நோகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

மாற்று நாள் காலை எப்படி இருக்கும் என்று தெரிந்தால் டெபாசிட் எப்படிப் போகிறது என்று புரியும். பத்து மணிக்குப் பழையவர்கள் வெளியேற வேண்டும், இரண்டு மணிக்குப் புதியவர்கள் வருவார்கள். நடுவில் நான்கு மணி நேரம். அந்த நேரத்தில் ஒரு அம்மா, துணைக்கு ஒரு பெண், நான்கைந்து வீடுகள். பெயர் எழுதிய பைகளில் படுக்கை விரிப்பு மூட்டைகள் வாசலில் இறங்கும். அந்த அம்மா முதலில் போவது படுக்கையறைக்கு இல்லை, சமையலறைக்கு. அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டிய பட்டியலைப் பார்த்துக் கரண்டி, முட்கரண்டி, ஒயின் கிளாஸ் எல்லாம் எண்ணுவார். ஒன்று குறைந்தால் தாளில் ஒரு கோடு. அப்புறம் அடுப்பின் கண்ணாடிக் கதவு, மேடை, சுவரில் தெறித்த எண்ணெய். படம் எடுத்து அலுவலகத்துக்கு அனுப்புவார். அந்தப் படம்தான் உங்கள் டெபாசிட்டைத் தீர்மானிக்கிறது. ஆகவே உங்களிடமும் ஒரு படம் இருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் பெட்டிகளை இறக்கும் முன்பே, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வீடு முழுக்க ஒரு வீடியோ எடுங்கள். விரிசல் விட்ட தட்டு, கறை பிடித்த சோபா, ஆடும் நாற்காலி எதுவாக இருந்தாலும் அன்றைக்கே ஏஜென்சிக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். மறுநாள் அனுப்பினால் அதற்குப் பாதி மதிப்புதான்.

நம் வீட்டுச் சமையலில் டெபாசிட்டைச் சாப்பிடுவது மஞ்சள்தான். இங்கே பல காட்டேஜ்களில் சமையல் மேடை வெள்ளை நிறம். மீன் குழம்பு மசாலா தடவிய தட்டை அதில் வைத்துவிட்டு ஒரு மணி நேரம் கழித்து எடுத்தால் மஞ்சள் வட்டம் நின்றுவிடும். வெள்ளைத் துண்டு, வெள்ளை மேசை விரிப்பு எல்லாவற்றுக்கும் இதே கதி. பிளீச் ஊற்றித் தேய்த்து மேடையின் மெருகையே எடுத்துவிட்டவர்களை எனக்குத் தெரியும், மெருகு போனால் கறையைவிட அதிகமாகப் பிடிப்பார்கள். மஞ்சளின் நிறம் வெயில் தாங்காது. துணியைச் சோப்புப் போட்டு அலசி, நல்ல வெயிலில் உலர்த்தினால் பெரும்பாலும் வெளிறிப்போகும். மேடைக்குத்தான் முன்யோசனை வேண்டும்: வீட்டிலிருந்து ஒரு வெட்டுப்பலகையும், பழைய பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றும் கொண்டுபோய், மசாலா வேலை முழுவதையும் அதன் மேலேயே வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முதல்நாள் இரவு தாளிப்பு வேலை வேண்டாம், ஜன்னல்களைத் திறந்துவையுங்கள். வாடை நின்றுவிட்டது என்று சொல்லி ஒரு குடும்பத்திடம் கூடுதலாகச் சுத்தக் கட்டணம் பிடித்த ஒரு வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். படிவத்தில் அப்படி ஒரு வரியே இல்லை. கேட்டு வாதாடியதும் பணம் திரும்பி வந்தது. படிவத்தில் இல்லாத பிடித்தத்தை ஏற்றுக்கொள்ளாதீர்கள், மரியாதையாக எழுத்தில் கேளுங்கள்.

பாத்திரத்தைப் பற்றி இன்னொரு வார்த்தை. காட்டேஜ் சமையலறையில் முந்தைய வாரம் மாட்டிறைச்சி சமைத்திருப்பார்கள், வெளியே கரியில் இறைச்சி சுடும் பிராய் அடுப்பின் கம்பியிலும் அப்படித்தான். டர்பன் பக்கத்துப் பழைய தமிழ்க் குடும்பங்கள் இதற்காகவே சாதப்பானையும் குழம்புச் சட்டியும் தங்கள் காரிலேயே கொண்டுபோவார்கள். உங்கள் அம்மாவுக்கு இதில் மனக்கஷ்டம் இருக்கும் என்றால் நீங்களும் அப்படியே செய்யுங்கள். எப்படியும் அங்கே இருக்கும் பெரிய பாத்திரம் பத்துப் பேருக்குச் சோறு வடிக்கப் போதாது. குக்கர் இருக்காது. கறிவேப்பிலை, பச்சை மிளகாய், மசாலா எல்லாம் கடலோரச் சூப்பர் மார்க்கெட்டில் தேடி அலைய வேண்டாம். வரும் வழியில் டர்பனின் சாட்ஸ்வர்த்திலோ, இல்லை ஸ்காட்பர்க் பக்கத்தில், கரும்புத் தோட்டக் காலத்திலிருந்து நம்மவர்கள் இருக்கும் உம்சிண்டோவிலோ வாங்கிவிடலாம். ஊரிலிருந்து வரும் மிக்ஸியின் சிறிய பிளக் இங்குள்ள பெரிய மூன்று உருண்டை முனைச் சாக்கெட்டில் ஏறாது, அடாப்டர் வேண்டும். நம் ஊரில் கிரைண்டருக்கும் ஏசிக்கும் வரும் பழைய பெரிய பிளக் இருக்கிறதே, அது மட்டும் நேராகப் பொருந்தும்.

மின்சாரமும் தண்ணீரும் பதிவு செய்வதற்கு முன்பே கேட்க வேண்டியவை. 2024 மார்ச் கடைசியிலிருந்து அரசு மின் நிறுவனமான எஸ்காமின் லோட்ஷெடிங், அதாவது முறைவைத்து வரும் மின்வெட்டு, பெரும்பாலும் ஓய்ந்திருக்கிறது, 2025இல் சில நாள் தலைகாட்டிப் போனது. ஆனால் டிசம்பரில் ஊரே நிரம்பியிருக்கும்போது உள்ளூர்க் கோளாறால் மின்சாரம் போவது வேறு கதை. இன்வர்ட்டர் இருக்கிறது என்று சொன்னால், அது எதையெல்லாம் இழுக்கும் என்று கேளுங்கள். பெரும்பாலும் விளக்கு, வைஃபை, டிவி, ஃபிரிட்ஜ் வரைதான். கெய்சரும் அடுப்பும் அதில் ஓடாது. எரிவாயு அடுப்பு இருக்கிற வீடாகப் பார்த்து எடுத்தால் உங்களுக்குப் பாதிக் கவலை போய்விடும். ப்ரீபெய்டு மீட்டராக இருந்தால் யார் நிரப்புவது, உள்ளே போகும்போது எத்தனை யூனிட் இருக்கும் என்பதை எழுதி வாங்குங்கள்.

தண்ணீர்தான் இந்தக் கரையின் உண்மையான தலைவலி. ஸ்காட்பர்க் முதல் மார்கேட் தாண்டி வரை தண்ணீர் விடுவது ஊகு மாவட்டம். விடுமுறைக் கூட்டத்தில் குழாய் வறண்டு லாரித் தண்ணீர் வருவது இங்கே பழகிப்போன காட்சி. வடக்குக் கரைதான் தேவலை என்றும் நினைக்க வேண்டாம். 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டொங்காட் சுத்திகரிப்பு நிலையம் சேதமாகி, அந்த ஊர் மாதக்கணக்கில் குழாய்த் தண்ணீர் இல்லாமல் தவித்தது. ஆகவே வீட்டில் தண்ணீர் சேர்த்துவைக்கும் ஜோஜோ பிளாஸ்டிக் தொட்டி இருக்கிறதா, எத்தனை லிட்டர், பம்ப் வைத்து வீட்டுக் குழாய்க்கே இணைத்திருக்கிறதா, அந்தப் பம்ப் மின்சாரம் இல்லாமல் ஓடுமா என்று கேளுங்கள். தோட்டத்துக்கு ஊற்ற வைத்த தொட்டியைக் காட்டி "பேக்கப் உண்டு" என்பார்கள். பத்துப் பேர், அதில் இரண்டு முதியவர்கள், கழிப்பறைக்குத் தண்ணீர் இல்லை என்றால் விடுமுறை அன்றோடு முடிந்தது. உள்ளூர் ஏஜென்சியின் அருமை இங்கேதான் தெரியும். போன டிசம்பரில் எந்தத் தெருவில் தண்ணீர் நின்றது, மேட்டில் இருக்கும் எந்த வீட்டுக்குக் கடைசியில்தான் வரும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. நேராகக் கேட்டால் சொல்லிவிடுவார்கள்.

தனி வீடா, அடுக்குமாடிக் குடியிருப்பில் ஒரு ஃபிளாட்டா என்பதையும் பாருங்கள். ஃபிளாட் என்றால் பாடி கார்ப்பரேட் எனப்படும் ஃபிளாட் உரிமையாளர் அமைப்பின் விதிகள் வாடகைக்கு வருபவரையும் கட்டும். ஆறு பேருக்கான இடத்தில் பத்துப் பேர் தங்க முடியாது. பகலில் டர்பன் உறவினர்கள் பத்துப் பேர் பிரியாணியோடு வந்து இறங்கினால் வாசல் காவலரே திருப்பி அனுப்பிவிடுவார். பால்கனியில் கரி மூட்டக் கூடாது என்று பல இடங்களில் இருக்கும். உங்கள் கூட்டத்துக்குத் தனி வீடுதான் சரி. முதியவர்களுக்காகத் தரைத்தளத்தில் படுக்கையறையும் குளியலறையும் இருக்க வேண்டும். இந்தக் கரை முழுக்க மேடு பள்ளம், "கடற்கரைக்கு நடந்தே போகலாம்" என்ற வரிக்குப் பின்னால் எண்பது படிக்கட்டு ஒளிந்திருக்கலாம். எத்தனை படி என்று கேளுங்கள். நீச்சல் குளம் இருந்தால் வேலியோ வலையோ போட்டிருக்கிறதா என்று கேட்காமல் பிள்ளைகளைக் கூட்டிப் போகவே போகாதீர்கள்.

ஜன்னல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இங்கே வெர்வெட் குரங்குகள் உண்டு. வாழைப்பழச் சீப்பு மேசையில் தெரிந்தால் போதும், நீங்கள் கடலுக்குப் போய்த் திரும்புவதற்குள் சமையலறை அதம். கம்பி போட்ட ஜன்னலா என்று பாருங்கள், உணவு எதுவும் கொடுக்காதீர்கள். ஒருநாள் கொடுத்தால் உங்களுக்குப் பின்னால் வரும் குடும்பமும் சேர்ந்துதான் அனுபவிக்கும்.

கடல் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் பெற்றோரோடு வருவதால் சொல்கிறேன். இங்கே அலையும் இழுப்பும் பலம். மெரினாவில் கால் நனைத்த பழக்கத்தில் இறங்கக் கூடாது. உயிர்காப்பாளர் இருக்கும் நேரத்தில், கொடிகளுக்கு நடுவில் மட்டும்தான். ஸ்காட்பர்க், பென்னிங்டன், உவோங்கோ, மார்கேட் ஆகிய இடங்களில் பாறையை ஒட்டிய கடல்நீர்க் குளங்கள் இருக்கின்றன. அப்பா அம்மாவுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அதுதான் நிம்மதி. 1957 டிசம்பரில் இதே கரையில் அடுத்தடுத்துச் சுறாத் தாக்குதல்கள் நடந்து, விடுமுறைக்கு வந்த கூட்டம் ஊரைக் காலி செய்துகொண்டு ஓடியது. அதற்குப் பிறகுதான் இந்தக் கரையில் வலைகள் போட முனைந்தார்கள், 1964இல் அதற்கென்றே ஒரு வாரியம் அமைந்தது. இன்றைக்கும் ஜூன், ஜூலையில் மத்தி மீன் கூட்டம் வரும்போது அந்த வலைகளைத் தூக்கிவிடுவார்கள், அப்போது குளிக்கத் தடை. மத்தி ஓட்டத்தைப் பார்க்க வருபவர்கள் அதை எதிர்பார்த்தே வர வேண்டும். உங்கள் டிசம்பருக்கு இது பொருந்தாது.

டர்பன் தமிழ்க் குடும்பங்களில் அறுபது வயதைத் தாண்டியவர்களிடம் மார்கேட்டில் காட்டேஜ் எடுத்த கதை கேட்டால் பலரிடம் இருக்காது. 1953ஆம் ஆண்டின் தனி வசதிகள் சட்டம் கடற்கரையையே இனவாரியாகப் பிரித்து வைத்திருந்தது. அவர்கள் பிள்ளைகளாக இருந்தபோது இந்த மணலில் அவர்களுக்கு இடம் இல்லை. 1989 கடைசியில்தான் கடற்கரைகள் எல்லோருக்கும் என்ற அறிவிப்பு வந்தது, அடுத்த வருடம் அந்தச் சட்டமே நீங்கியது. 1860 முதல் மதராஸிலிருந்து வந்து, இந்தக் கரையின் கரும்புத் தோட்டங்களை உருவாக்கியவர்களின் வழிவந்தவர்கள் இவர்கள். இன்றைக்கும் சிலருக்கு ஏஜென்சிக் கதவைத் தள்ளித் திறக்கத் தயக்கம் இருக்கிறது. நம் ஆளா என்று விசாரித்துத்தான் பதிவு செய்வார்கள். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். புதிதாக வந்த நாம் சான்றிதழ் கேட்பதும் விதிகளைப் படித்து வாதாடுவதும் அவர்களுக்கும் சேர்த்துத்தான் பாதையைச் சுலபமாக்குகிறது.

இனி உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பர் 16 விடுமுறையிலிருந்து புத்தாண்டு வரை இந்தக் கரையின் உச்சம். உள்நாட்டிலிருந்து எல்லோரும் இங்கேதான் இறங்குவார்கள், வாடகையும் சாதாரண வாரத்தைப் போல இருமடங்குக்கு மேல்கூடப் போகும். இந்த வாரங்களுக்குப் பாதி முன்பணம் என்பது வழக்கம்தான், அதற்காகச் சந்தேகப்பட வேண்டாம். பேரம் பேச இது நேரமில்லை. வாடகையைக் குறைக்கச் சொல்வதற்குப் பதிலாக, படுக்கை விரிப்பும் நடுவில் ஒருநாள் சுத்தம் செய்வதும் சேர்த்துத் தரச் சொல்லுங்கள், பல அலுவலகங்கள் ஒத்துக்கொள்ளும். பிள்ளைகளின் பள்ளி அனுமதித்தால் பிப்ரவரி இறுதியிலோ மே மாதத்திலோ வாருங்கள். அதே வீடு, சூடான கடல், கூட்டமில்லை. ஏஜென்சிக்காரரும் நிதானமாகப் பேசுவார். ஊரிலிருந்து பெற்றோர் வரும் தேதியை மாற்ற முடியாது என்றால் டிசம்பரே சரி.

கடைசியாக, வரும் நாள். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அறுநூறு கிலோமீட்டருக்கு மேல். வான் ரீனன் கணவாயில் லாரி நின்றுவிட்டால் எத்தனை மணி நேரம் என்று சொல்ல முடியாது. ஏஜென்சி அலுவலகம் சாயங்காலம் சாத்திவிடும், சனிக்கிழமை என்றால் மதியமே. இரவு எட்டு மணிக்கு வந்தால் சாவி யாரிடம், அவருடைய கைபேசி எண் என்ன என்பதைக் கிளம்பும் முதல்நாளே போன் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். வழியில் இசிபிங்கோவில் மாரியம்மன் கோயில் இருக்கிறது, நெடுஞ்சாலையிலிருந்து அதிக தூரமில்லை. அம்மாவை இறக்கிக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு வந்தால் மிச்ச தூரம் அவருக்குக் களைப்புத் தெரியாது. ஆனால் அதற்கு முன்னால் சாவிக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், அவரும் உங்களுக்காகத்தான் காத்திருப்பார்.